தண்ணீரோடு நடந்த நாள்

சாய்ந்தமருதில் கரைவலை இழுப்பவர்கள் பளீலைக் கனாக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். வலைக்கயிறு கையில் இருக்கும். கண் கடலில் இருக்காது. மேற்கே, மலைப்பக்கம் எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பான். வலைக்காரர்களுக்குத் தலைவரான தண்டையல் ஒரு சத்தம் போட்டால்தான் கைகள் மறுபடி அசையும்.

அவன் என்ன பார்க்கிறான் என்று அவன் மனைவி ஜுனைதாவுக்கு மட்டும் தெரியும். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தக் கனவைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே பாடமாகிவிட்டது. பெரிய வெளி. கண்ணாடி மாதிரித் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் வரம்புகள் கோடு கோடாய்த் தெரிகின்றன. பளீல் அதன்மேல் நடந்துபோகிறான், கால் நனையவில்லை.

"கால் நனையாட்டி அது என்ன தண்ணி?" என்பாள் ஜுனைதா. "உறங்குங்க. சுபஹுக்குத் தோணி தள்ளப் போகணும்."

ஐம்பதுகளின் தொடக்கம் அது. பட்டிப்பளை ஆற்றை மலையடியில் மறித்து அணை கட்டி முடித்திருந்தார்கள். காடு வெட்டிய நிலங்களைத் துண்டு போட்டுக் காணி இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். பளீலும் பெயர் கொடுத்தான். இறக்காமத்துக்கும் அப்பால், வாய்க்கால் முடிகிற கடைசிக்குச் சற்று மேலே அவனுக்கு ஒரு துண்டு விழுந்தது.

போய்ப் பார்த்தபோது அங்கே ஒன்றுமே இல்லை. புல்டோசர்கள் மரங்களை வேரோடு பிடுங்கி ஓரமாய்த் தள்ளிவிட்டுப் போயிருந்தன. நிழலுக்கு ஒற்றைப் பாலை மரம். வெயிலில் வெந்த மண் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. மண்வெட்டி போட்டால் தீப்பொறி பறந்தது. காற்று அடித்தால் செம்புழுதி எழும்பி வானத்தையே மறைத்தது. வாய்க்கால் மட்டும் புதிதாய் வெட்டப்பட்டு, ஒரு சொட்டு ஈரமில்லாமல், வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

பளீலுக்கு அதைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துபோனது. ஏன் என்று கேட்டால் அவனால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஜுனைதா வர மறுத்துவிட்டாள். சாய்ந்தமருது வீடு அவளுடையது. அவளுடைய வாப்பா சீதனமாய்க் கட்டிக் கொடுத்தது. முற்றத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு, பக்கத்திலேயே ராத்தா, அவளுடைய அக்கா, வீடு. "அந்தக் காட்டுக்குள்ள தண்ணி வரட்டும், மறுகா நான் வாறன்" என்றாள். கோபமாய்ச் சொல்லவில்லை. பயணத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்துக்கொண்டேதான் சொன்னாள்.

அதற்கும் கீழே, வாய்க்காலின் கடைசிக் காணி காரைதீவிலிருந்து வந்த வேலப்போடிக்கு. பளீலின் வயதுதான். வாய் ஓயாத மனிதன். மனைவி செல்லத்தங்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்து, தென்னங்கிடுகால் ஒரு குடிசை போட்டிருந்தான். இரண்டு பேரும் சேர்ந்து, பீப்பாய் ஏற்றிய மாட்டு வண்டியில் இறக்காமம் குளத்திலிருந்து குடிதண்ணீர் கொண்டுவந்தார்கள். யானை வந்தால் சேர்ந்து தகரம் தட்டினார்கள். மழையை நம்பி விதைத்த குரக்கன் பயிர் ஒரு வருடம் கருகியது, மறு வருடம் யானைக்குப் போனது. மற்றக் காணிக்காரர்கள் ஒவ்வொருவராய் ஊருக்குத் திரும்பினார்கள்.

பளீல் வரம்பு கட்டிக்கொண்டிருந்தான். தண்ணீரே இல்லாத நிலத்தில் மட்டம் பார்த்து, கயிறு பிடித்து, கட்டம் கட்டமாய் வரம்பு. விறகு ஏற்ற வந்த வண்டிக்காரர்கள் நின்று, அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

"இது என்ன காக்கா, தாயம் விளையாடவா?"

"ஓம், தண்ணி வந்தா விளையாடத்தான்" என்றான் பளீல். மாலை வெயில் சாய்ந்து விழும்போது அந்தக் காய்ந்த கட்டங்களுக்குள் நிழல் தேங்கும். அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்திருப்பான். கொஞ்ச நேரம் அது தண்ணீர்தான்.

இரண்டாம் வருடக் கடைசியில் ஊருக்குப் போனபோது ஜுனைதா அவனுடைய உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். வலைக்கயிறு போட்ட பழைய தழும்புகளின்மேல் மண்வெட்டி புதிதாய்க் கிழித்திருந்தது.

"இந்தப் போகத்துக்குள்ள தண்ணி வரல்லாட்டி விட்டுட்டு வந்திருங்க" என்றாள். "தண்டையல் இன்னும் உங்களக் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்காரு."

பளீல் சரி என்று தலையாட்டினான்.

சில வாரம் கழித்து ஒரு மாலை, வாய்க்கால் வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் சைக்கிளில் வந்து செய்தி சொன்னார். நாளைக் காலையில் மதகு திறக்கிறார்கள். பரீட்சைக்கு மட்டும்தான், பின்னேரம் அஸர் தொழுகை நேரம் பூட்டிவிடுவார்கள். தண்ணீர் எந்தக் காணிவரை எட்டுகிறதோ அந்தக் காணிகளுக்குத்தான் இந்தப் போகம் விதைக்க அனுமதி. எட்டாத காணிக்காரர்கள் அடுத்த வருடம்வரை பொறுக்க வேண்டும்.

விடியும் முன்பே பளீலும் வேலப்போடியும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மதகடிக்கு நடந்தார்கள். கதவு உயர்ந்ததும் தண்ணீர் ஒரு மூச்சு விட்டு வெளியே வந்தது. பளீல் நினைத்திருந்த தண்ணீர் இல்லை அது. தேயிலைச் சாயம் மாதிரிக் கலங்கல். முன்னால் நுரையும் சருகும் எறும்புக் கூட்டமும் சுள்ளியும் உருண்டு வந்தன. வெடிப்புகள் ஒவ்வொன்றும் வாய் திறந்து குடித்துக் குமிழி விட்டன. புதுத் துணியை யாரோ மெல்ல மெல்லக் கிழிப்பது போல ஒரு சத்தம். மண்ணிலிருந்து ஒரு வாசம் எழும்பிற்று. மழை வாசம்தான், ஆனால் வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

"என்னடா மச்சான், இது நடக்குது!" என்றான் வேலப்போடி.

நடக்கத்தான் செய்தது. நடை பழகும் பிள்ளையின் வேகம். இரண்டு பேரும் வாய்க்கால் கரையில் அதோடு கூடவே நடந்தார்கள். அது நின்றால் நின்றார்கள். ஒரு பள்ளத்தை நிரப்பிவிட்டு அது விளிம்பு தாண்டும்வரை குந்திக்கொண்டு காத்திருந்தார்கள். தண்ணீருக்கு முன்னால் பூரானும் தேளும் ஓணானும் ஓடின. சாரைப்பாம்பு ஒன்று அவசரமில்லாமல் கரையேறிப் போனது. எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கின. எத்தனையோ காலம் கொக்கையே காணாத காடு அது. யார் போய்ச் சொன்னார்களோ.

 பளீலுக்குத் தான் நடப்பதே மறந்துவிட்டது. வெயில் உச்சிக்கு வந்தது தெரியவில்லை, பசி தெரியவில்லை. நடுப்பகல் லுஹருக்கு அந்தக் கலங்கல் தண்ணீரிலேயே கை கால் முகம் கழுவி ஒழு எடுத்துக் கரையில் தொழுதான். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினால் தண்ணீர் வளைவு தாண்டிப் போயிருந்தது. சால்வையை வாரிக்கொண்டு பின்னால் ஓடினான்.

அங்கே வேலப்போடி தலையில் கை வைத்து நின்றான். தண்ணீர் முன்னேறவில்லை. வாய்க்காலின் நடுவே சுழித்துச் சுழித்து நிலத்துக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது.

"முள்ளம்பன்றி வளை" என்றான் வேலப்போடி. "அடி எங்க போகுதோ தெரியா. எல்லாம் போச்சு மச்சான்."

பளீல் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வளைக்குள் குதித்தான். இடுப்புவரை இறங்கியது. கால்களைப் பிடித்து இழுக்கும் அந்த இழுப்பு அவனுக்குப் பழக்கமானது. கரையில் அலை திரும்பும்போது கடல் இழுப்பதும் இப்படித்தான்.

"காரைப் பத்தைய வெட்டிப் போடு! புத்து மண்ணும் கொண்டு வா!"

வேலப்போடி காரைப் புதரை முள்ளோடு வெட்டி வெட்டிப் போட்டான். பக்கத்துக் கறையான் புற்றை உடைத்து மண் கொண்டுவந்து கொட்டினான். பளீல் எல்லாவற்றையும் காலால் மிதித்து அமுக்கினான். முள் கிழித்தது. சால்வையும் உள்ளே போனது, வேலப்போடியின் தலைப்பாகையும் போனது. மிதிக்க மிதிக்க இழுப்பு தளர்ந்து, கடைசியில் ஒரு குமிழி மட்டும் எழும்பி உடைந்தது. தண்ணீர் கொஞ்ச நேரம் யோசித்து நின்றது. பிறகு பளீலின் முழங்காலைச் சுற்றிக்கொண்டு தன்பாட்டில் முன்னே போனது.

ஆனால் வெயில் சாய்ந்திருந்தது. மேலே மதகைப் பூட்டியிருப்பார்கள். வாய்க்காலில் மிச்சமிருந்த தண்ணீர்தான் இப்போது வந்துகொண்டிருந்தது. அகலம் குறைந்து, ஒரு சாண் அளவு மெல்லிய ஓட்டமாகி, பளீலின் காணி மூலைக்கு அது வந்து சேர்ந்தது.

காணிக்குள் தண்ணீர் விடும் வக்கடையை அடைத்திருந்தது வெறும் இரண்டு கூடை மண். வெட்டிவிட்டால் தண்ணீர் உள்ளே பாயும். இரண்டு வருடமாய்க் கட்டிய அந்தக் கட்டங்களில் முதலாவதாவது நனையும். பளீல் மண்வெட்டியை ஓங்கியும் விட்டான்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. இதை வெட்டினால் தண்ணீர் இதோடு சரி. வேலப்போடியின் காணி இன்னும் கீழே இருக்கிறது.

"வெட்டு மச்சான்" என்றான் வேலப்போடி.  "நீ பாத்த பாடு எனக்குத் தெரியும். என்ட காணிக்கு அடுத்த வருசம் பாப்பம்."

பளீல் மண்வெட்டியைக் கீழே இறக்கினான்.

"காணிய எட்டினாப் போதும் எண்டுதானே ஓவசியர் சொன்ன? எனக்கு எட்டிட்டு. வா, போவம்."

தண்ணீர் அவன் வரம்போரமாய் நழுவிப் போவதை அவன் பார்த்துக்கொண்டே நடந்தான். உள்ளே கட்டங்கள் காய்ந்தபடியே கிடந்தன. மனம் வலிக்கத்தான் செய்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தான். பொழுது படும் நேரம், செல்லத்தங்கம் குடத்தோடு நின்ற இடத்தில், வேலப்போடியின் எல்லைக்கல்லைத் தண்ணீர் தொட்டது. தொட்டு, கல்லைச் சுற்றி ஒரு விரலளவு தேங்கி நின்றுவிட்டது. செல்லத்தங்கம் குனிந்து இரண்டு கைகளாலும் அதை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டாள். வேலப்போடி சிறுபிள்ளை மாதிரி அழுதான்.

அந்தப் போகம் இரண்டு காணிகளுக்கும் அனுமதி கிடைத்தது. ஒழுங்காய்த் தண்ணீர் விட்டார்கள். கட்டங்கள் ஒவ்வொன்றாய் நிறைந்து, நாற்று எழும்பி, புழுதி பறந்த வெளி பச்சையாய்ப் படுத்துக் கிடந்தது.

ஜுனைதா ஒரு காலையில் மாட்டு வண்டியில் வந்து இறங்கினாள். பார்த்துவிட்டுப் பின்னேரமே திரும்புவதாய்ச் சொல்லித்தான் வந்தாள். மாற்றுச் சேலைகூடக் கொண்டுவரவில்லை. செல்லத்தங்கம் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வரம்பில் உட்கார வைத்து, தண்ணீர் வந்த அந்த நாளைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். ஜுனைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள். 

பிறகு எழும்பித் தனியே வரம்பில் நடந்தாள். பாதி வழியில் கால் சறுக்கி வயலுக்குள் விழுந்தாள். பளீல் பதறி ஓடினான். அவள் சேற்றில் உட்கார்ந்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட கனாவுல கால் நனையல்ல எண்டீங்களே" என்றாள். "எனக்கு உடம்பெல்லாம் நனைஞ்சிட்டு."

பின்னேரம் வண்டிக்காரன் மாட்டைப் பூட்டிவிட்டுக் குரல் கொடுத்தான். ஜுனைதா வாய்க்காலில் சேலைத் தலைப்பை அலசிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"நீங்க போங்க தம்பி. ஊருல என்ட ராத்தாட்டச் சொல்லி, ரெண்டு சேலையும் சோத்துப் பானையும் வாங்கிட்டு நாளைக்கு வாங்க."