பத்தா, பதிமூன்றா?

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருந்த நாற்காலிகளைக் கடக்கும்போதுதான் அளவுக்காரி சட்டென்று நின்றாள்.

கண்ணை அளந்து, புரை எடுத்த பிறகு உள்ளே வைக்கவேண்டிய லென்ஸின் பவரை எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அதனால் ஆஸ்பத்திரியில் அந்தப் பெயர்.

அடுத்து உள்ளே போகவேண்டிய அம்மாள் பச்சை அங்கியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சோடாபுட்டிக் கண்ணாடி மகளின் கையில் இருந்தது. சொட்டு மருந்து விடாத கண்ணுக்கு அரை சாண் தூரத்தில் அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பிரிந்து தொங்கிய நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"பல்ல இளிச்சிக்கிட்டு கெடந்துச்சு. நம்ம கை சும்மா இருக்குமா? பொழப்பே இதுதானே."

"தையலா?"

"டோப்பா கட்டறேன். வலையில ஒவ்வொரு முடியா முடிச்சுப் போடணும். கண்ணாடியக் கழட்டிட்டு மூக்குகிட்ட வெச்சாதான் வேலை ஓடும். இப்பப் புகை மாதிரி இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சா பளிச்சுனு ஆயிடும்ல?"

அளவுக்காரி அம்மாளின் கேஸ் தாளைப் புரட்டினாள்.

போன வாரம் அவள் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் மகள்தான் பதில் சொன்னாள். என்ன வேலை? "வீட்டுலதான் இருக்காங்க." கண்ணாடி இல்லாமல் எது தெரியவேண்டும்? "தூரம்தான். பஸ் நம்பர் தெரியணும்." அம்மா பக்கத்தில் தலையாட்டினார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அளவுக்காரி டிக் அடித்து, பவர் பத்து என்று எழுதிவிட்டாள். பத்தை வைத்தால் தெருமுனை வரை துல்லியம். ஆனால் கண்ணாடியைக் கழற்றியதும் கிட்டத்தில் இருப்பது தெரிகிறதே, கிட்டப்பார்வைக்காரர்களின் அந்த ஒரே சொத்து, இன்னும் பத்து நிமிஷத்தில் பறிபோய்விடும்.

தியேட்டருக்குள் ஓடினாள். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அடுத்த லென்ஸ் தப்பு!"

"அளந்தது தப்பா?"

"அளந்தது சரி. கேட்டதுதான் தப்பு. ஆளை விட்டுட்டு மகளக் கேட்டுட்டேன். அவங்க முடி முடிச்சுப் போடறவங்க. கண்ணாடியக் கழட்டித்தான் வேலையே."

"நல்ல நேரம் பாத்தீங்கம்மா! எல்லாரும் தூரம்தானே கேக்கறாங்க?" டாக்டர் குழாயை முழங்கையால் மூடினார். "அவங்க வாயால சொல்லட்டும். கிட்டத்துக்குன்னா பதிமூணு வேணும். ஸ்டாக்ல இருந்தா எடுத்துட்டு வாங்க. அஞ்சு நிமிஷம்."

ஸ்டோர்க்காரர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். "இருபது இருக்கு, இருபத்தொண்ணு இருக்கு... பதிமூணெல்லாம் யாரு கேக்கறா?"

"நான் கேக்கறேன். சீக்கிரம் பாருங்கண்ணே."

"கால்ல வெந்நீர் ஊத்தின மாதிரி நின்னா எப்படித் தேடறது?" அடித்தட்டில் கை விட்டார். பதினொன்று. பன்னிரண்டரை. கடைசியில் ஒரே ஒரு பதிமூன்று. தேதியைச் சரிபார்த்துப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

"அம்மா, ரெண்டுல ஒண்ணு சொல்லணும்," என்றாள் மூச்சிரைக்க. "தூரம் வேணும்னா, வேலைக்குக் கண்ணாடி போடணும். கிட்டம் வேணும்னா, தெருவுக்குப் போடணும். மெல்லிசுதான். ஆனா பழைய அரை சாண் கிடைக்காது. ஒண்ணரை சாண் தள்ளி வெச்சுப் பாக்கணும். இன்னொரு கண்ணுக்கும் இதே கணக்குதான்."

மகள் எழுந்துவிட்டாள். "மறுபடி கண்ணாடியா? அப்ப ஆபரேஷன் எதுக்கு? அவங்களுக்கு என்ன தெரியும், தூரமே வைங்க!"

"ஏண்டி, கண்ணு யாருது?"

"இனிமே வேலை வேணாம்னுதானேம்மா..."

"நான் எப்பச் சொன்னேன்?"

மகள் கையிலிருந்த சோடாபுட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கிட்டமே வைங்க," என்றார் அம்மா. "ஒண்ணரை சாணுக்குக் கைய நீட்டிக்கறேன். ஒடஞ்சா போயிடும்?"

சம்மதத்தாள் மாறியது. கையெழுத்து விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது.

இரவெல்லாம் அளவுக்காரி புரண்டாள். கிட்டப்பார்வைக்காரர்களின் நீண்ட விழிகளில் லென்ஸ் கணக்கு சில சமயம் காலை வாரிவிடும்.

காலையில் அடுத்த அறையில் கட்டுப் பிரித்தார்கள். அவள் போனைக் காதில் வைத்தபடி இந்தப் பக்கம் நின்றாள். அங்கே மகளின் குரல்: "சுவர்க் கடிகாரம் தெரியுதாம்மா?"

"மங்கல்தான். அந்தச் சொட்டு மருந்தக் குடு." பெட்டி பிரியும் சத்தம் கேட்டது. அளவுக்காரி சுவரோரம் நகர்ந்தாள். "இருட்டுல வைக்கணுமாம்டி. எறும்பு மாதிரி எழுதியிருக்கான், கஞ்சப்பய."

போனில் யாரோ "ஹலோ, ஹலோ" என்றார்கள். அவள் நாளைய ஆபரேஷன் பட்டியலில் முதல் பெயரின்மேல் விரலை வைத்தாள்.

"யாரு, மகனா? நீங்க வேணாம் தம்பி. அப்பாகிட்ட குடுங்க."