பதினொரு மாதம் வராத படம்

வெர்னா ஹாட்ச்கிஸ்ஸுக்குக் கோபம் வந்தால் முதலில் கழுத்து சிவக்கும், பிறகு காது. 2006ஆம் வருடம் அவள் காது சிவக்காத நாள் குறைவு. கால்டன் பள்ளிச் சமையலறையில் பதினாறு வருடமாக அவளுக்கு அடுத்த அடுப்பில் நிற்பவள் நான் என்பதால், அந்தச் சூட்டில் பாதி என் மேல்தான் அடித்தது.

எங்கள் ஊரில் இருந்த ஒரே வீடியோ கடை மூடப்பட்டு, அந்த இடத்தில் விளக்கு வெளிச்சத்தில் படுத்துத் தோலைக் கருக்கிக்கொள்ளும் கடை ஒன்று வந்துவிட்டது. அதன் பிறகு படம் பார்க்க வேண்டுமென்றால் தபால்தான். கணினியில் நமக்கு வேண்டிய படங்களை வரிசையாகப் போட்டு வைக்க வேண்டும். கொலம்பஸ் நகரத்துக் கிடங்கிலிருந்து ஆரஞ்சு உறையில் டிஸ்க் வரும். பார்த்துவிட்டு அதே உறையில் திருப்பி அனுப்பினால் அடுத்தது வரும். எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், தாமதத்துக்கு அபராதமே கிடையாது என்பதுதான் அந்தக் கம்பெனியின் பெரிய பெருமை.

வெர்னாவின் வரிசையில் முதலிடத்தில் 'பதினெட்டாம் வாரம்' என்ற ஆவணப்படம் இருந்தது. 1979இல் எங்கள் ஊர்க் கண்ணாடித் தொழிற்சாலையில் பதினெட்டு வாரம் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி, பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இரண்டு பேர் எடுத்தது. அந்தக் காலத்தில் எங்கேயோ கல்லூரிகளில் காட்டினார்களாம். எங்கள் ஊருக்கு அது வரவே இல்லை. இப்போதுதான் டிஸ்க்காக வந்திருந்தது.

வெர்னாவுக்கு அதைப் பார்க்க ஒரு காரணம் இருந்தது. அவள் அப்பா எமெட் ஸ்டோல்ட்ஸ் அந்த வேலைநிறுத்தத்தில் மண்டை உடைந்தவர். தொழிற்சாலைக் காவலாட்கள் அடித்தது என்றுதான் ஊர் முழுக்கத் தெரியும். சங்கக் கட்டடத்தின் சுவரில் அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருக்கிறது. அவர் செத்துப் பதின்மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் நான்கு புகைப்படம் இருக்கிறது. ஆனால் அவர் நடந்து, பேசி, கையை ஆட்டுவதை எந்த வீடியோ நாடாவும் பிடித்து வைக்கவில்லை.

"ஃபாக்டரி கேட்டுக்கு முன்னாடி ஒரு அஞ்சு செகண்ட் நின்னாருன்னாகூடப் போதும்டி, ஐரீன்," என்பாள் என்னிடம். "அவர் எப்படி நடப்பாருன்னே எனக்கு மறந்துபோச்சு."

டிசம்பரில் முதலிடத்தில் போட்டாள். படத்தின் பெயருக்குப் பக்கத்தில் 'காத்திருப்பு: மிக நீண்டது' என்று வந்தது. ஜனவரியிலும் அதேதான். மார்ச்சில் ஒரு நாள் 'சற்று நீண்டது' என்று மாறியதும் அவள் சமையலறைக்கு கேக் சுட்டு எடுத்து வந்தாள். மறுநாள் திரும்பவும் 'மிக நீண்டது'. மிச்சமிருந்த கேக்கைக் குப்பையில் போட்டாள். முதலிடத்துப் படத்துக்குப் பதிலாக முப்பதாவது இடத்தில் சும்மா போட்டு வைத்த படங்கள் வந்தன. ஒரு வாரம் பென்குவின், அடுத்த வாரம் கராத்தே.

அவள் ஒழுங்குக்காரி. இன்று வந்த டிஸ்க்கை இன்றே பார்த்து நாளைக் காலையில் தபாலில் போட்டுவிடுவாள். நான் மூன்று வாரம் டிவிக்கு அடியில் போட்டு வைத்திருப்பேன். ஆனால் புதுப் படமெல்லாம் எனக்குத்தான் முதலில் வந்தது. ஏன் என்று அவள் இணையத்தில் தேடிப் படித்துவிட்டு மறுநாள் வந்தாள். காது சிவந்திருந்தது.

"சீக்கிரம் திருப்பி அனுப்புறவங்களைக் கடைசில தள்ளிடறாங்களாம். தபால் செலவு ஜாஸ்தி ஆகுதாம் அவங்களுக்கு. உன்னை மாதிரி சோம்பேறிக்குப் பட்டுக் கம்பளம், எனக்குச் செருப்படி!"

"அதுக்கு நான் என்னடி பண்ணுவேன்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். நீ அப்படியே உக்காந்திரு. அதுக்குத்தானே பரிசு குடுக்கறான்!" என்று கோழித்துண்டுத் தட்டை அடுப்புக்குள் தள்ளினாள். தட்டு பின்சுவரில் போய் இடித்தது.

நானும் அந்தப் படத்தை என் வரிசையில் போட்டு வைத்தேன். ஊரில் பதினைந்து பேராவது போட்டிருந்தார்கள். யாருக்கும் வரவில்லை.

அவள் தம்பி ராய்ஸ் மட்டும் அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டே இருந்தான். ராய்ஸுக்கு நாற்பத்தாறு வயது. தொழிற்சாலை மூடும்வரை அங்கே வேலை பார்த்தவன், பழைய தொழிலாளர் கூட்டமைப்புக்குச் செயலாளர். ஒவ்வொரு புதன்கிழமையும் சங்கக் கட்டடத்தில் நடக்கும் காலைச் சிற்றுண்டிக்கு அவன்தான் முட்டை பொரிப்பான். "விடுக்கா. மோசடிக் கம்பெனி. கேன்சல் பண்ணித் தொலை," என்பான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொல்வான்.

நவம்பர் முதல் வாரத்தில், மதியச் சாப்பாட்டு வேலை முடிந்ததும், வெர்னா சமையலறைத் தொலைபேசியிலிருந்து கம்பெனியைக் கூப்பிட்டாள். அது ஒன்பதாவது தடவை. நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டாள். கிர்பி என்ற பையன் எடுத்தான்.

"காத்திருந்ததுக்கு நன்றி, மேடம்."

"பதினொரு மாசமா காத்திருக்கேன். எதுக்கு நன்றி சொல்றேன்னு தெரிஞ்சு சொல்லுப்பா. அந்தப் படம் உங்ககிட்ட எத்தனை பிரதி இருக்கு?"

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல, மேடம்."

"அறுபதாயிரம் படம் வச்சிருக்கோம்னு டிவில விளம்பரம் போடறீங்களே, அதுல இந்தப் படமும் சேர்த்தியா? இல்லாததையும் சேர்த்து எண்ணிட்டீங்களா?"

"உங்க ஆதங்கம் எனக்குப் புரியுது, மேடம்."

"புரியலைன்னு சொல்லு, சந்தோஷப்படுவேன். புரிஞ்சும் இப்படிப் பேசினா நீ மனுஷனே இல்ல."

அந்தப் பக்கத்திலிருந்து விசைப்பலகை தட்டும் ஒலி கேட்டது. பிறகு அந்தப் பையன் குரலைத் தணித்துக்கொண்டான்.

"ரெண்டு பிரதி வாங்கினாங்க. ஒண்ணு தபால்ல உடைஞ்சுபோச்சு. இன்னொண்ணு போன டிசம்பர்ல போச்சு, திரும்பி வரல. வச்சிருக்கிறவரு மாசாமாசம் சந்தா கட்டறாரு, அதனால நாங்க ஒண்ணும் கேக்க முடியாது. நான் இதைச் சொல்லக் கூடாது மேடம், ஆனா அது உங்க ஊர் அஞ்சல் எண்ணுக்குத்தான் போயிருக்கு."

வெர்னா தொலைபேசியை வைத்தாள். கையைத் துண்டில் துடைத்தாள். எங்கள் ஊரில் இரண்டாயிரத்து நானூறு பேர்.

"எந்த நாய் அது?" என்றாள். "ஊரே காத்துக் கிடக்கு, எந்த நாய் அது மேல படுத்துக்கிட்டிருக்கு?"

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைவரை தேவாலயத்துப் பெண்கள், தபால் நிலையத்தில் நின்றவர்கள், ஒருவரையும் விடாமல் கேட்டாள். எல்லோரும் இல்லை என்றார்கள். ஞாயிறு சாயங்காலம் தன் வரிசையைத் திறக்கக் கணினி முன் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. ராய்ஸிடம் கணினி கிடையாது. அவன் கணக்கைத் திறந்து கொடுத்ததே அவள்தான். பிறகு நூலகத்தில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றிருந்தான். கடவுச்சொல் அவன் நாயின் பெயர்.

சந்தேகப்பட்டுத் திறக்கவில்லை என்று என்னிடம் சத்தியம் செய்தாள். அவனையும் கேட்டாகிவிட்டது என்று இருக்கட்டும் என்றுதான் திறந்தாளாம்.

'தற்போது உங்களிடம் உள்ளவை' என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு படம் இருந்தது. பதினெட்டாம் வாரம். அனுப்பிய நாள், டிசம்பர் 9.

கோட்டுகூடப் போடாமல் வண்டியை எடுத்தாள். ராய்ஸ் வீட்டுக் கதவை அவள் தட்டவில்லை, திறந்தாள். அவன் சோபாவில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

"எங்கடா அது?"

"எது?"

"ஒன்பது தடவை போன் பண்ணேன். கண்ட கண்ட பையன்கிட்டயெல்லாம் கெஞ்சினேன். நீ என் மேசையில உக்காந்து என் மாட்டிறைச்சியத் தின்னுக்கிட்டு, விடுக்கா விடுக்கான்னு சொன்னே. எங்கடா?"

அவன் எழுந்து சமையலறை இழுப்பறையிலிருந்து உறையை எடுத்து வந்தான். கொடுக்கவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

"பாக்காதே. சொல்றதைக் கேளு. அப்பாவுக்காகச் சொல்றேன்."

அவள் பிடுங்கினாள். உறை கிழிந்தது, டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளே போட்டாள். முதலிலிருந்து ஓடவிட்டு நின்றுகொண்டே பார்த்தாள். கடைசியில் அவன்தான் தாங்க முடியாமல், "எழுபதாவது நிமிஷம்," என்றான்.

பதினான்காவது வாரம். விடிகாலை. வெளியாட்களை உள்ளே கொண்டுபோகும் கம்பெனி வேன், ஜன்னல்களில் கம்பிவலை, உள்ளே அட்டை. கூட்டம் கல்லெறிகிறது. ஒரு அட்டை சரிகிறது. அந்த இடைவெளியில் நான்கு நொடி, எமெட் ஸ்டோல்ட்ஸின் முகம். அவர் தோளுக்குக் கீழே தலையைத் தாழ்த்திக்கொண்டு, ஆனால் காமிராவை நேராகப் பார்த்தபடி, பத்தொன்பது வயது ராய்ஸ்.

கருங்காலி வேன். மறியல் செய்தவர்களின் வேலையைப் பிடுங்கப் போன வேன்.

"மண்டை?" என்றாள் வெர்னா.

"கல்லு. மூணாவது நாள். அதுக்கப்புறம் நாங்க போகல."

"அப்பா எதுக்குப் போனாரு?"

ராய்ஸ் உட்கார்ந்தான். "நான்தான் போனேன். கார் வாங்கணும்னு பைத்தியமா இருந்தேன். சொன்னேன், வேணாம்னாரு. கேக்கல. உன்னைத் தனியா அந்தக் கல்லுக்குள்ள அனுப்ப மாட்டேன்னு கூட ஏறிட்டாரு. ரத்தத்தோட வீட்டுக்கு வந்தப்ப, காவலாளுங்க அடிச்சாங்கன்னு சொன்னதும் நான்தான். அவர் கடைசிவரை வாயத் திறக்கல."

"அந்தத் தகட்டை மாட்டினப்ப நீ கைதட்டினே. நான் பாத்தேன்."

"அக்கா, திருப்பி அனுப்பாதே. என்கிட்டயே இருக்கட்டும். மாசாமாசம் கட்டிட்டுப் போறேன்."

அவள் டிஸ்க்கை எடுத்து, கிழிந்த உறையை அவன் வீட்டு ஒட்டுநாடாவாலேயே ஒட்டினாள்.

"இன்னிக்கு ஞாயிறு. நாளைக்குத் தபால்ல போடுவேன். புதன்கிழமை கொலம்பஸ் போயிடும். வெள்ளிக்கிழமை ஊர்ல யாரோ ஒருத்தர் கையில இருக்கும். அதுக்குள்ள புதன்கிழமை சிற்றுண்டி வருது. நீயே வாயத் திறந்து சொல்லு. கல்லெறிஞ்சவங்களுக்கு முன்னாடி சொல்லு. சொல்லிட்டா நான் உன் பக்கத்துல நிக்கறேன்."

திங்கட்கிழமை தபால் பெட்டியில் போட்டாள். தன் வரிசையிலிருந்து படத்தின் பெயரை அழித்தாள். என்னிடம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் வெங்காயம் நறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

புதன்கிழமை ராய்ஸ் சொன்னான். என் கணவர் அங்கே இருந்தார். முட்டைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தழுதழுத்த குரலில் சொன்னானாம். ஒரு படம் வரப்போகிறது, அதில் என் அப்பா கருங்காலி வேனில் உட்கார்ந்திருப்பார், எங்களுக்கே இப்போதுதான் தெரிந்தது, எங்களை மன்னித்துவிடுங்கள் என்று. கிழவர்களில் பலர் அவன் தோளைத் தட்டினார்களாம். பாவம், பிள்ளை என்ன செய்வான் என்று. அன்று மதியமே யாரோ ஸ்குரூ கழற்றும் கருவி கொண்டுவந்து எமெட்டின் தகட்டைக் கழற்றிவிட்டார்கள்.

இதை நான் வெர்னாவிடம் சொன்னபோது அவள் கையில் கத்தி இருந்தது. மெதுவாக அதைப் பலகையில் வைத்தாள்.

"தன்னைப் பத்தி என்ன சொன்னான்?"

"தன்னைப் பத்தியா? ஒண்ணும் சொல்லலையே."

அப்போதுதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கத்தவில்லை. பதினாறு வருடத்தில் அவள் கத்தாமல் கோபப்பட்டதை நான் பார்த்தது அன்றுதான். "செத்தவர் தலையில பழியைப் போட்டுட்டான், ஐரீன். அவனுக்காகக் கல்லடி பட்டவர் தலையிலயே."

வெள்ளிக்கிழமை ஆரஞ்சு உறை என் வீட்டுப் பெட்டிக்குத்தான் வந்தது. வெர்னாவைக் கூப்பிட்டேன். நான் பார்க்கக்கூட இல்லை, அப்படியே அவளிடம் கொடுத்தேன்.

சனிக்கிழமை சங்கக் கட்டடத்தில் மாதக் கூட்டம். முப்பது பேர் இருந்தோம். ராய்ஸ் மேசையில் உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தான். வெர்னா யாரையும் கேட்காமல் மூலையில் இருந்த டிவியைப் போட்டு டிஸ்க்கைச் செருகினாள். ராய்ஸ் எழுந்தான். "உக்காருடா," என்றாள். உட்கார்ந்தான்.

அட்டை சரியும் இடத்தில் படத்தை நிறுத்தினாள்.

"இது எங்க அப்பா. இவரைத்தான் புதன்கிழமை சுவத்துலேந்து கழட்டினீங்க. நல்லாப் பாத்துக்கங்க. இப்போ அவர் தோளுக்குக் கீழ பாருங்க. யாருன்னு நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு முட்டை பொரிக்கிற கைதான்."

முன்வரிசையில் கிளென் டார்பாக்ஸ் இருந்தார். எண்பது வயது. எழுந்து டிவிக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். நிமிர ரொம்ப நேரமாயிற்று.

"இந்த வேன் மேல நானும் கல்லெறிஞ்சேன்," என்றார். ராய்ஸ் பக்கம் திரும்பினார். "இருபத்தேழு வருஷமா எங்கிட்ட உக்காந்து காப்பி குடிச்சியேடா. புதன்கிழமைகூட வாய் வரலையா உனக்கு?"

ராய்ஸ் கோட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனான். யாரும் தடுக்கவில்லை. தகட்டைத் திரும்ப மாட்டலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். "வேணாம்," என்றாள் வெர்னா. "அதுல எழுதியிருக்கிறது பொய். என்கிட்ட குடுத்துடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

எல்லோரும் கலைந்த பிறகும் அவள் டிவி முன்னால் நின்றாள். பின்னால் ஓட்டுவாள், நிறுத்துவாள், திரும்ப ஓட்டுவாள். வேன் அசையும்போது எமெட்டின் கை மகனின் தலையை இன்னும் கொஞ்சம் கீழே அழுத்துகிறது. அவர் நடப்பது படத்தில் எங்குமே இல்லை.

"போலாமாடி?" என்றேன்.

"நீ போ," என்றாள். காது இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.