கம்பளி வேண்டாம்

...வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும், மீதியைக் குவைத்துக் குளிர் பார்த்துக்கொள்ளும், நான் கையைக்கூட ஓங்க வேண்டியதில்லை... மீரான் சாகிபு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார், மடியில் சாம்பல் நிறக் கம்பளி, நாளைக்கு ரயில், பம்பாய் போய்க் கப்பல், இறங்கும்போது மார்கழி பிறந்திருக்கும். "தம்பி அபூபக்கரு, நீ அங்க இருந்துட்டு வந்தவன். இதையும் சுமக்கணுமா? பாலைவனந்தானே?" என்கிறார். பாலைவனந்தான். அமராவதிபுதூரிலிருந்து காரைக்குடி வரைக்கும் யாரைக் கேட்டாலும் அரபு நாடென்றால் வெயில் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படி நம்பித்தானே ரெண்டு கைலி, ரெண்டு சட்டையோடு போய் இறங்கினேன்... கோடையில் கம்பியைத் தொட்டால் தோல் உரியும், சரி, ஆனால் தை மாத ராத்திரி? கட்டடம் எழும்பும் இடத்தில், நாலு பக்கமும் மணல், இரும்புக் குவியலுக்குக் காவல், சிமெண்டுச் சாக்கைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய பல் கிட்டித்துக் கிடந்தது யார்? அங்கே பிடித்த இருமல் ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. அதே காவல் வேலைக்குத்தான் இப்போது இவர் போகிறார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நெஞ்சுக்கூடு வேறு இப்போதே தெரிகிறது. போகட்டும். நன்றாகப் போகட்டும்.

மலேயாவில், ஈப்போவில் இவருடைய துணிக்கடையில் நான் வேலைக்கு நின்றபோது இவர் எப்படி இருந்தார்... அது வேறு நாடு, வேறு வானம், தினமும் மதியத்துக்கு மேல் மழை, துவைத்த சட்டை காயவே காயாது, ஈர வாடையோடு உடுத்திக்கொண்டு காலையில் கதவு திறந்தால் ராத்திரி வரை நின்றபடிதான். குவைத்தில் சங்கு ஊதினால் வேலை, மறுபடி ஊதினால் விடுதலை, வெள்ளிக்கிழமை நமக்கு. ஈப்போவில் சங்கும் இல்லை, வெள்ளியும் இல்லை, முதலாளி நம்ம ஊர்க்காரர், அண்ணன் மாதிரி, அப்புறம் எப்படி நேரம் பார்ப்பது? வெயிலும் பனியும் மாறி மாறி வந்தாலாவது நாள் போவது தெரியும், அங்கே அதுவும் கிடையாது, வருசம் முழுக்க ஒரே புழுக்கம், அதனால்தான் அம்மா மௌத்தாகி எத்தனை நாளாயிற்று என்று எனக்குத் தெரியாமலே போனதோ... இல்லை, அதனால் இல்லை. இவரால்தான். ஊரிலிருந்து கப்பலில் வந்த ஆள் நோன்பு மாதத்தில் இவரிடம் சொல்லிவிட்டுப் போனார், இவர் என்னிடம் சொல்லவில்லை. பெருநாள் வியாபாரம். கடையில் நிற்க ஆள் வேண்டும். நான் அம்மாவுக்கென்று ஒரு புடவை எடுத்தேன், ஊதாக் கரை போட்டது, இவரே கரையை விரித்துக் காட்டி, இவரே மடித்து, "உங்கம்மா நிறத்துக்கு எடுப்பா இருக்கும்" என்றார். மண்ணுக்குள் போய்விட்ட அம்மாவுக்கு. அவள் நாற்பதாம் நாள் பாத்திஹா ஊரில் முடிந்த பிறகுதான் சொன்னார், "வியாபாரம் முடியட்டும்னு பாத்தேன் தம்பி" என்று. நான் அன்றைக்குப் பெருநாள் புதுச்சட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அதுகூடப் போகட்டும், எனக்கு ஆறாதது ஒன்றுதான். நோன்பு திறந்ததும் இவரும் கடை ஆட்களுமாக நாலு பேரும் ஒரே சஹனைச் சுற்றி உட்காருவோம், ஒரே பெரிய தட்டு, அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டியது. அந்தச் சேதி வந்த அன்றைக்கும் உட்கார்ந்தார். நல்ல கறித்துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளி, "சாப்பிடு தம்பி" என்றார். எப்படி முடிந்தது? வயிற்றுக்குள் அவ்வளவு பெரிய சேதியை வைத்துக்கொண்டு ஒருத்தனுக்குச் சோறு எப்படி இறங்கும்? இத்தனை வருசமாக, மணலில் நடுங்கிக் கிடந்தபோதும், இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுபதில் பெர்மிட் இல்லையென்று மலேயாவிலிருந்து இவரைத் திருப்பி அனுப்பியபோது கடை போயிற்றே என்று ஊரே உச்சுக்கொட்டியது, நான் ஒருத்தன்தான் உள்ளுக்குள் சிரித்தேன். போதவில்லை.

"எதுக்குண்ணே அந்தப் பாரம்? அங்குட்டு வெயில் மனுசனைப் பொசுக்கிரும். கம்பளியக் கொண்டு போனீகன்னா சனம் சிரிக்கும்."

என் குரலா அது? எவ்வளவு பதமாக வருகிறது, அக்கறையாக, இருமல்கூடக் குறுக்கே வரவில்லை. மீரான் சாகிபின் முகம் தெளிந்துவிட்டது. "கேட்டியா லத்தீபா, எடுத்து வெளிய வையி" என்று மனைவியைக் கூப்பிடுகிறார், லத்தீபா மதினி கம்பளியைக் கொண்டுபோய்க் கொடியில் போடுகிறார், "நீங்க சொல்லலேன்னா இவுக சுமந்துட்டுத்தான் போயிருப்பாக தம்பி, கை கழுவுங்க, சோறு ஆறுது" என்கிறார்.

பயணச் சாப்பாடு. சஹனைச் சுற்றி மீரான் சாகிபு, அவர் மச்சினர் ரெண்டு பேர், நான். நெய்ச்சோறு ஆவி பறக்கிறது. இப்போது ஒரு வாய்கூட இறங்காது, இறங்கக் கூடாது என்று காத்திருக்கிறேன்... இறங்குகிறது. நல்ல பசி எனக்கு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, அதனாலா? ரெண்டாவது வாய், மூன்றாவது. கொடியில் கம்பளி தெரிகிறது, நாளை ரயில் வரைக்கும் நேரம் இருக்கிறது, சொல்லிவிடலாம், சொல்லலாமா... அதற்குள் என் விரல்கள் எலும்போடு ஒட்டிய நல்ல கறித்துண்டு ஒன்றைப் பிய்த்து மீரான் சாகிபு பக்கம் தள்ளுகின்றன.

"சாப்பிடுங்கண்ணே" என்கிறேன்.