ஒழுகாத ஒரே கூரை

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய வாரம் பிரிகாடா வாரம். பெற்றோர் எல்லாரும் துடைப்பமும் தூரிகையுமாக வந்து பள்ளியைக் கழுவி, பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டும். கூலி கிடையாது, பான்சித் நூடுல்ஸ் உண்டு. சான் தெல்மோ ஊரில் இந்த வருஷம் துடைப்பம் தரையைத் தொடுவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது.

“அந்த பெயின்ட் டப்பாவ மூடுங்க மொதல்ல” என்றார் குயா ஆம்போ. ஊருக்கே ‘குயா’, அதாவது அண்ணன்; மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவர். “வருஷா வருஷம் நாமளே அடிச்சு நாமளே ஒட்டினா அரசாங்கத்துக்கு என்ன வேலை? கட்டுற வரியெல்லாம் எங்க போகுது?”

“நீங்க எப்ப குயா வரி கட்டினீங்க?” என்று ஒருத்தி கேட்டாள்.

“பீர் குடிக்கிறேன்ல? அதுல வரி இல்லையா? இந்த ஊர்ல என்னைவிட அதிகமா கட்டுறவன் யாருன்னு காட்டு பாப்போம்.”

இரண்டாம் வகுப்பு டீச்சர் மாம் ஒஃபேலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “அரசாங்கம் வர்ற வரைக்கும் பிள்ளைங்க ஒட்டடைக்குக் கீழ உக்காரணுமா? எங்கிட்ட படிச்ச ஆளுதானே நீ? அப்பவும் இப்படித்தான், வாய் மட்டும் வேலை செய்யும்.”

பெற்றோர் சங்கத் தலைவி ஃபெலிசா நடுவில் நின்றாள். யார் பேசினாலும் அவர் சொல்வது சரி என்று தோன்றிவிடும்; அதுதான் அவளுடைய வியாதி. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குக் குழப்பமே இல்லை. அவள் மகள் ஜோவி இந்த வருஷம் இரண்டாம் வகுப்பு. போன மழைக்கு அந்த அறையில் பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். பாதி வகுப்பு காய்ச்சலில் படுத்தது. அந்த அறைக்கு நல்ல கூரை வேண்டும்.

“சுவருக்கு மட்டும் அடிப்போம்” என்று சமாதானம் சொன்னாள்.

தூரிகை கைக்கு வந்துவிட்டால் சான் தெல்மோக்காரர்கள் சுவரோடு நிற்கிறவர்களா? உள்கூரைக்கும் அடித்தார்கள். ஈரக்கறை தெரிகிறதே என்று அதன்மேல் இன்னும் இரண்டு பூச்சு. மறுநாள் கல்வி அலுவலகத்து எஞ்சினியர் வில்லாருவெல் வந்து இறங்கியபோது அறை கல்யாணப் பெண் மாதிரி நின்றது.

எந்தப் பள்ளிக்குப் புதுக் கூரை தருவது என்று பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். கறையை மூடியது எவ்வளவு பெரிய தப்பு என்று ஃபெலிசாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அடேயப்பா, என் வீடே இப்படி இல்லையே” என்றார் அவர். “இதுக்கு எதுக்கும்மா கூரை?”

“ஒழுகும் சார்.”

“எங்க?”

எங்கே என்று காட்ட ஒரு கறைகூட மிச்சமில்லை. வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை.

ஆனால் வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. அறையின் நட்டநடுவில் பெஞ்சைப் போட்டு, ஒரு தட்டு பான்சித்தை வைத்து, “சாப்பிட்டுட்டுத்தான் போகணும் சார்” என்று உட்காரவைத்தாள். பிறகு வெளியே ஓடினாள்.

“குயா, மேல ஏறுங்க.”

“எதுக்கு?”

“மழை பெய்யணும்.”

ஆம்போவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெண்கள் வாளியை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, தகரத்தின்மேல் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

உள்ளே முதல் சொட்டு நூடுல்ஸில் விழுந்தது. எஞ்சினியர் நிமிர்ந்தார். புதுப் பெயின்ட், உள்ளே தண்ணீர் கட்டி, பிள்ளைத்தாய்ச்சி வயிறுபோல உப்பித் தொங்கியது. அவர் எழுந்து பேனாவால் ஒரு குத்துக் குத்தினார். அத்தனையும் அவர் தலையில்.

சொட்டச் சொட்ட வெளியே வந்தவர், கூரைமேல் வாளியோடு நின்ற ஆம்போவைப் பார்த்தார். ஆம்போ மரியாதையாகக் கையசைத்தார்.

“என்னம்மா இது? இதுதான் உங்க ஊர் மழையா?”

 பொய்க்காரி என்று எழுதிவிட்டுப் போய்விடுவாரோ? ஃபெலிசா ஒரு அடி முன்னால் வந்தாள்.

“மழைதான் எங்களோடது சார். ஓட்டை அரசாங்கத்தோடது.”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்கிற சாக்கில் கொஞ்சம் சிரித்ததாகவும் தெரிந்தது.

“சரி, கேட்டுக்குங்க. ஆபத்தான அறைன்னு நான் எழுதினா இன்னைக்கே பூட்டணும். கூரை வந்தப்புறம்தான் தொறக்கலாம். எப்ப வரும்னு என்னைக் கேக்காதீங்க. நல்ல அறைன்னு எழுதினா திங்கக்கிழமையே வகுப்பு நடத்தலாம், ஆனா கூரை வராது. சொல்லுங்க.”

“நல்ல அறை சார்!” என்றார் மாம் ஒஃபேலியா. “நாப்பது பிள்ளைங்கள எந்த மரத்துல கட்டுறது?”

“பூட்டுங்க!” என்று கூரையிலிருந்து சத்தம் வந்தது.

இரண்டும் சரி என்றே ஃபெலிசாவுக்குப் பட்டது. ஆனால் ஒன்றில்தான் ஜோவி நனைவாள்.

“பூட்டிடுங்க சார்.”

“பிள்ளைங்க?” என்று டீச்சர் கேட்டார்.

ஃபெலிசா தெருவுக்கு எதிர்ப்புறம் பார்த்தாள். கூடைப்பந்து மைதானம். அரசாங்கப் பணத்தில் போட்ட உயரமான கூரை. அதன் நெற்றியில் ஊர்த் தலைவர் கேப்டன் பாஸ்தோரின் பெயர், ஒவ்வொரு எழுத்தும் ஆள் உயரத்துக்கு.

திங்கட்கிழமை பெஞ்சுகள் அங்கே போயின. சேதி கேட்டு கேப்டன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“ஃபெலிசா, இது விளையாடுற இடம்! இந்த வாரம் ஃபைனல் இருக்கு!”

“தாராளமா ஆடுங்க கேப்டன். பிள்ளைங்க ஒரு ஓரமா வாய்ப்பாடு சொல்லிட்டிருக்கும். பந்து எந்தப் பிள்ளை மண்டையிலயாவது பட்டா, அதோட அம்மாகிட்ட நீங்களே பேசிக்குங்க.”

“அரசாங்கத்துகிட்ட கூரை கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டாச்சு. நீங்களும் கேளுங்க. உங்க குரல் பெருசு.”

ஆம்போதான் தலையில் கைவைத்துக்கொண்டார். ஃபைனல் ஆடுகிற ஓர் அணிக்கு அவர்தான் தலைவர். “அரசாங்கம் செய்யணும்னு சொன்னேன். என் ஆட்டத்த நிறுத்தணும்னா சொன்னேன்?”

அந்த வாரமே இரண்டு அணிகளும், சீருடை கழற்றாமல், ஆம்போவின் வண்டியிலும் கேப்டனின் ஜீப்பிலும் தொற்றிக்கொண்டு, கூரை கேட்கக் கல்வி அலுவலகத்துக்குக் கிளம்பின. பத்து வருஷமாகப் பள்ளிக் கூட்டத்துக்கு எட்டிப்பார்க்காத ஆம்பளைகள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் நிஜ மழை பிடித்துக்கொண்டது. ஃபெலிசா கையில் கிடைத்த குடையோடு மைதானத்துக்கு ஓடினாள். தகரத்தில் மழை அறைந்ததில் மாம் ஒஃபேலியா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பாதி காதில் விழவில்லை. பந்துக் கூடைக்குக் கீழே ஜோவி, நனையாத நோட்டில், காதில் விழுந்த மீதியை எழுதிக்கொண்டிருந்தாள்.