மாமாவின் விமானம் ஒழுகுகிறது

என் அக்கா வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு சின்ன விமானம் இருக்கிறது. அதற்கு மெக்கானிக் நான். கூடப் பிறந்தவன் என்பதால் என்னை எப்போது வேண்டுமானாலும் திட்டலாம் என்பது அக்காவின் எண்ணம்.

கொஞ்ச நாளாக விமானத்தின் அடிவயிறு முழுக்க எண்ணெய் வழிந்து கிடந்தது. அக்கா விமானம் நிறுத்தும் ஹேங்கருக்கே வந்து கெடு வைத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒழுகல் நிக்கணும். இல்லன்னா வித்துடுங்க. நீங்க மேல போறப்பல்லாம் இங்க எனக்கு உயிர் போகுது."

மாமாவுக்கு அந்த விமானம்தான் உலகம். வேறு எந்த ஆசையும் இல்லாத மனிதர். எனக்கு மனசு கேட்கவில்லை.

வால்வு மூடிகளின் கேஸ்கெட்டை மாற்றினேன். எண்ணெய் ஊற்றும் வாயின் வாஷரை மாற்றினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். மாமா ஒரு சுற்று பறந்து வந்தால் மறுபடி அதே கதை. போதாக்குறைக்கு, இறங்கியதும் மாமா எஞ்சினைப் பளபளவென்று துடைத்துவிட்டுத்தான் என்னையே கூப்பிடுவார்.

"எங்க ஒழுகுதுன்னு பாக்கச் சொல்லிட்டு, அதையே துடைச்சு வச்சா எப்படி மாமா?"

"அழுக்கா விட்டா நீ என்ன நினைப்பே, மச்சான்?"

தலையில் அடித்துக்கொண்டேன். சனிக்கிழமை அவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கி எறிந்தேன். எஞ்சினை நானே கழுவிக் காயவைத்து, மேலெல்லாம் முகப்பவுடர் தூவினேன். எண்ணெய் கசிந்தால் பவுடர் காட்டிக்கொடுத்துவிடும். அக்காவும் பக்கத்தில் நின்றாள். தரையிலேயே நன்றாக ஓடவிட்டு நிறுத்தினோம்.

பவுடர் அப்படியே இருந்தது. எஞ்சின் மூச்சுவிடும் குழாயின் முனையில் மட்டும் எண்ணெய் சொட்டியது. அளவுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் மிச்சத்தை அந்தக் குழாய் வழியாகத் துப்பிவிடும். ஒழுகலே கிடையாது! அளவுக்கம்பியை உருவினால், எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி நின்றது.

"இவ்வளவையா ஊத்துவாங்க, மாமா?"

"சத்தியமா நான் கோட்டுக்குக் கீழதான் நிறுத்துறேன்."

"அப்ப பேய் வந்து ஊத்துதா?"

"நான்தான்" என்றாள் அக்கா.

இருவரும் திரும்பினோம்.

"ஒரு நாள் கம்பியைப் பாத்தேன், கோடு வரைக்கும் இல்ல. நடுவானத்துல தீந்து போச்சுன்னா? இவர் உடுப்பு மாத்தப் போன நேரத்துல கொஞ்சம் ஊத்துனேன். அப்புறம் ஒழுகுதுன்னீங்க. பயத்துல தினமும் ஊத்துனேன்."

வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்கா அழுவதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிப் போனது. சண்டைக்காரி என்றே இத்தனை காலம் அவளை நினைத்திருந்தேன்.

"அப்ப... விக்க வேணாமா?" மாமா மெதுவாகக் கேட்டார்.

"ஒழுகவே இல்லையாமே, அப்புறம் எதுக்கு விக்கிறது?" அக்கா மூக்கை உறிஞ்சினாள். "ஆனா இனிமே நானும் கூட வருவேன். கீழ நின்னு சாகறதுக்கு, மேல வந்து நீங்க எப்படி ஓட்டுறீங்கன்னு பாத்துக்கறேன்."

இத்தனை வருஷத்தில், புயல் காற்றில் இறங்கிய அன்றுகூட, மாமாவின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.