மிஸ்டு கால் காலண்டர்

"பள்ளிகொண்டா டோல் தாண்டினா ஒரு மிஸ்டு கால். ஹார்பர் கியூவுல வண்டியச் சேத்தா ரெண்டு. கேட்டுக்குள்ள போய்ட்டா மூணு. புரிஞ்சிதா?"

"தப்பித்தவறி எடுத்துட்டா?"

"காசு போய்டும். எடுக்காத."

"போன் அடிக்கிறப்ப சும்மா இருக்கணும்னா கை கேக்குமா?"

"கையக் கட்டினு உக்காரு."

அவள் சிரித்தாள். "லாரில உங்க பக்கத்து சீட்டுல யாரு உக்காருவாங்க?"

"க்ளீனர்லாம் இப்ப ஏது? நீ கட்டிக் குடுக்கிற டிபன் பைதான் உக்காரும்."

'ஒரு நாள் நானும் வரட்டுமா' என்று கேட்க சந்திராவுக்கு நாக்கின் நுனி வரை வந்தது. கல்யாணமாகி நான்காவது நாள். லாரியில் ஏற ஆசைப்படும் மருமகளை மாமியார் என்ன நினைப்பாரோ என்று விழுங்கிவிட்டாள்.

அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. நாகேந்திரன் அதே ஆம்பூர் டிரான்ஸ்போர்ட் கம்பெனியில்தான் இருக்கிறான். ஏற்றுமதி ஷூ நிறைந்த கன்டெய்னரைச் சென்னை ஹார்பருக்குக் கொண்டு போவது அவன் வேலை. நடுவில் எல்லாப் போனிலும் பேச்சு இலவசமாகிவிட்டது. மிஸ்டு கால் மட்டும் மாறவில்லை. ஓட்டும்போது பேசக்கூடாது என்று அவன் காரணம் சொன்னான். காரணமே சொல்லாவிட்டாலும் அவள் ஒப்புக்கொண்டிருப்பாள்.

சந்திரா வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுப்பவள். மடியில் தோல், விரலில் ஊசி, பக்கத்தில் போன். மணி அடித்து அடங்கியதும் எழுந்துபோய், சுவரில் மாட்டிய மாதக் காலண்டரின் கட்டத்தில் நேரத்தை எழுதுவாள். ஒன்று, இரண்டு, மூன்று. மழை என்றால் பக்கத்தில் 'மழை'. வருடம் முடிந்ததும் காலண்டரைச் சுருட்டி நூலால் கட்டிப் பரணில் வைப்பாள். அவள் பார்த்தேயிராத ஒரு பாதை அவளுக்கு அப்படித்தான் மனப்பாடமானது.

மூன்று மாதத்துக்கு முன் கம்பெனி எல்லா வண்டியிலும் ஜிபிஎஸ் கருவியும் கேமராவும் மாட்டியது. ஆபீசில் பெரிய திரை ஒன்று வைத்து, அதன் முன்னால் கணியம்பாடியில் இன்ஜினியரிங் படித்த ரோஷினி என்ற பெண்ணை உட்கார வைத்தது. எந்த வண்டி எங்கே போகிறது, எத்தனை மணிக்குக் கிளம்பினால் கப்பலைப் பிடிக்கலாம் என்பதெல்லாம் இனி அவள் சொல்வதுதான்.

முதல் வாரத்திலேயே மிஸ்டு கால் நின்றுபோனது.

"எல்லாம் தானா பதிவாவுது சந்திரா. ஓட்டும்போது போனத் தொட்டா ரோஷினிக்கு அலாரம் அடிக்கும்" என்றான் நாகேந்திரன்.

அதன் பிறகு சோறு பிசையும்போதெல்லாம் ரோஷினிதான். வாலாஜாவில் வேகத்தைக் குறைக்கச் சொன்னது ரோஷினி. டீசல் கம்மியாக ஆகிறது என்று பாராட்டியது ரோஷினி. "நாலு மணிநேரமா ஓட்டுறீங்க, எறங்கி டீ குடிங்கண்ணா" என்று அக்கறையாகச் சொன்னதும் அவள்தான். அண்ணா என்ற அந்த ஒரு சொல்லாலும் சந்திராவின் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அவன் டீ குடித்தானா என்று இத்தனை வருடம் கவலைப்பட்டவள் அவள். கவலைப்பட மட்டுமே முடிந்தது அவளால். எங்கிருந்தோ வந்தவள் நேரில் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுக் குடிக்கச் சொல்கிறாள்.

"இன்னா சொல்றா உன் சக்களத்தி?" என்று கேட்பாள், கூட உட்கார்ந்து தைக்கும் பக்கத்து வீட்டு பிரிசில்லா.

"நீ சும்மா இரு."

"இப்ப எங்க போய்னு இருக்காரு உன் வீட்டுக்காரரு?"

"தெரியல."

"அவளுக்குத் தெரியும்" என்று பிரிசில்லா நூலைப் பல்லால் கடித்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு கன்டெய்னர் கப்பலைத் தவறவிட்டது. ஓட்டிப்போனது நாகேந்திரன். அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதும் என்று கணினி சொல்லியிருந்தது. ஹார்பருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் அவன் வண்டி ஏறக்குறைய நான்கு மணிநேரம் நின்றதாகத் திரையில் தெரிந்தது. கியூ நகரவில்லை என்றான் அவன். ஓரம் கட்டிவிட்டுத் தூங்கியிருப்பான் என்றார் முதலாளி. இன்னொரு முறை இப்படி நடந்தால் அவனை ராணிப்பேட்டை உள்ளூர் லோடுக்கு மாற்றிவிடுவதாகவும் சொல்லிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் கேட்டது காலண்டர்களைத்தான். "ரோஷினி கேக்குது. பழைய வருசத்து நேரமெல்லாம் வேணுமாம்."

"எலி கடிச்சிப் போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள் சந்திரா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

அவன் குளிக்கப் போனதும் பரணிலிருந்து பத்துச் சுருளையும் இறக்கி, தைத்த தோல்களைப் போட்டுவைக்கும் சாக்குக்குள் அடியில் திணித்தாள். அவன் போகும் வழி ரோஷினியின் திரைக்குப் போனது, மிஸ்டு காலும் போனது. இதுவும் அவளிடம் போக வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை ரோஷினி ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்துவிட்டாள். மழையில் நனைந்த துப்பட்டா, தோளில் லேப்டாப் பை. சந்திரா மனதில் செய்து வைத்திருந்த அழகியை விடக் குள்ளம். மூக்குக் கண்ணாடி வேறு. அதுகூட ஏனோ எரிச்சலாகத்தான் இருந்தது. நாகேந்திரன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். துடைக்காமலே போட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு சந்திரா தையலைத் தொடர்ந்தாள்.

"அண்ணி, திரையில எனக்கு ஒரு புள்ளிதான் தெரியும்" என்றாள் ரோஷினி. "அது நிக்குதுன்னு தெரியும். ஏன் நிக்குதுன்னு தெரியாது. கியூவுல நின்னாலும் தூங்கினாலும் அதே புள்ளிதான். மூணு மாசக் கணக்க வெச்சினு மழைக்காலத்துக்கு நேரம் சொன்னது என் தப்பு. ஆனா பேர் கெட்டது அண்ணனுக்கு. வழியில நிக்கிற ஆளுன்னு ஆபீசுல பேசறாங்க."

ஊசி நின்றது.

"யாரு சொன்னது? என் வீட்டுக்காரரு வழியில நிக்கிற ஆளு இல்ல."

எழுந்தாள். சாக்கைக் கவிழ்த்தாள். தோல்களின் மேல் காலண்டர் சுருள்கள் உருண்டன. சுவரில் இருந்ததையும் கழற்றி மேலே போட்டாள். நாகேந்திரன் எலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான்.

ரோஷினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது மிஸ்டு காலுக்கும் மூன்றாவதற்கும் இடையிலான நேரத்தை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டாள். ஐப்பசி, கார்த்திகை மழை நாளெல்லாம் மூன்றரை மணி, நான்கு மணி, நாலேகால். பத்து வருடமும் அப்படித்தான்.

"இது போதும் அண்ணி. மழைன்னா முந்தின ராத்திரியே கெளம்பணும்னு மாத்திடலாம். முதலாளி வாயத் தெறக்க முடியாது." பிறகு இந்த வருடத்துக் காலண்டரைப் புரட்டியவள், "இந்த மூணு மாசம் மட்டும் ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டாள்.

"அது உங்கிட்டதான இருக்கு" என்றாள் சந்திரா.

ரோஷினி கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள்.

வாயைத் திறந்த பிறகு சந்திராவால் நிறுத்த முடியவில்லை. "அந்த கேமராவுல நாள் முழுக்க அவர் மூஞ்சி தெரியுமா உனக்கு?"

"இல்ல அண்ணி. எச்சரிக்கை வந்தா மட்டும் ஒரு படம் வரும். மத்த வண்டியில வாரத்துக்கு ஒண்ணு வந்தா ஜாஸ்தி. அண்ணன் வண்டியிலதான் தினம் வருது. எனக்குப் பெரிய பேஜாரே அதான்."

"தூங்குறாரா?"

"அனுமதி இல்லாம இன்னொரு ஆள் வண்டியில இருக்குன்னு வரும்."

சந்திரா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காது சிவந்திருந்தது. மூன்று மாதமாக ரோஷினி மேல் இருந்த எரிச்சல் அப்படியே இன்னொரு முகம் தெரியாதவள் மேல் பாய்ந்தது.

"எந்த ஆளு? காட்டு."

ரோஷினி லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினாள். வலப்பக்கம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நாகேந்திரன். இடப்பக்க சீட்டில் அவள் தைத்த பச்சைத் துணிப்பை. அதன் குறுக்கே சீட் பெல்ட் ஒழுங்காக மாட்டியிருந்தது.

"பெல்ட் மாட்டினா ஆளுன்னு எடுத்துக்குது. தினமும் 'டிபன் பை'ன்னு எழுதி மூடுறது நான்தான்."

"பிரேக் போட்டா சாம்பார் கொட்டுது" என்றான் நாகேந்திரன் வேறெங்கோ பார்த்தபடி. "அதான் பதினோரு வருசமா மாட்றேன்."

சந்திரா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். தன் கையால் முடிச்சுப் போட்ட அந்தப் பை பள்ளிகொண்டாவைப் பார்த்திருக்கிறது. மழையில் நிற்கும் வண்டி வரிசையைப் பார்த்திருக்கிறது. கடலைக்கூடப் பார்த்திருக்கும். இப்போது அவளுக்கு அதன் மேலும் பொறாமை வந்தது.

"ஆளு ஏறணும்னா யாரு அனுமதி குடுக்கணும்?" என்று ரோஷினியிடம் கேட்டாள்.

"நான்தான் அண்ணி."

சந்திரா லேப்டாப்பை மெல்ல அவள் பக்கம் தள்ளிவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"அந்தப் பைய ஒரு நாளு கீழ வெச்சிட்டு, அந்த சீட்டுல என்னை உக்கார வெச்சினு ஹார்பர் வரைக்கும் கூட்டினு போறீங்களா?"