நடுவில் ஒரு மணி நேரம்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அந்த ஆண்டு நான் யாரிடமும் அதிகம் பேசவில்லை. பேசாமல் கழிந்த நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மகளோடு பேசியது மட்டும் தனித்து நிற்கிறது.

அப்போது அவளுக்கு மூன்று வயது. கணவர் எங்களை விட்டுப் போயிருந்தார். மழலையர் காப்பகத்தில் அரசு செலவில் இடம் கிடைத்த தைரியத்தில்தான், தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் வைக்கும் வேலையில் சேர்ந்தேன். முதல் மாத முடிவில் காப்பகத்தின் நிர்வாகியம்மா கூப்பிட்டார்.

"காலை நேரத்துக்கும் சாயங்காலத்துக்கும் அரசாங்கம் குடுக்குதும்மா. நடுவுல சாப்பிட்டுத் தூங்குற ஒரு மணி நேரம் அதுல வராது. அது நீங்கதான் கட்டணும்."

"இலவசம்னுதானேம்மா சொன்னீங்க?"

"இடம் இலவசம்தான். சோறு, பாய், பாத்துக்கிற ஆளு, இதெல்லாம் வானத்துலருந்தா குதிக்கும்?"

"வீட்டுச் சாப்பாடு குடுத்து விடுறேன். ஒரு ஓரமா உக்காந்து சாப்பிட்டுப்பா."

"மத்த பிள்ளைங்க அவ டப்பாவையே பாக்கும். வேணும்னா அந்த நேரத்துக்கு மட்டும் வெளிய கூட்டிட்டுப் போயிட்டு வந்து விடுங்க. அப்படிச் செய்யறவங்களும் இருக்காங்க."

அப்படிச் செய்கிறவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் செய்தேன்.

மதிய இடைவேளை மணி அடித்ததும் ஓடுவேன். காப்பகத்துக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து இருவரும் சாப்பிடுவோம். எங்களுக்காக நிற்கும் பேருந்துகளைக் கையசைத்து அனுப்புவோம். சில ஓட்டுநர்கள் முறைப்பார்கள்.

"நாம ஏம்மா எதுலயும் ஏறல?"

"நம்ம பஸ் இன்னும் வரலடி."

"எப்ப வரும்?"

"நீ இந்த வாய்ச் சோத்தை முழுங்கினதும்."

"அப்ப நான் முழுங்கவே மாட்டேன், போ."

வாயை உப்பவைத்துக்கொண்டு என்னையே பார்ப்பாள். ஆலையில் இயந்திரங்களின் இரைச்சல். வீட்டில் நான் சமைத்து முடிப்பதற்குள் அவள் தூங்கிவிடுவாள். ஒரு நாளில் நான் சிரித்ததெல்லாம் அந்தப் பேருந்து நிறுத்தத்தில்தான்.

ஆனால் போக வர ஆகும் நேரத்தில் தினமும் தாமதமானது. ஒருநாள் சூப்பர்வைசர் என் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அக்கா, நீங்க வர்ற வரைக்கும் காலர் கைக்கு வராம உங்களுக்குப் பின்னாடி இருக்கறவங்க கையைக் கட்டிட்டு உக்காந்திருக்காங்க. மேல என்னைப் போட்டு வறுக்கறாங்க. இப்படியே போனா உங்களை வச்சுக்க முடியாது."

நான் உட்கார்ந்து அடுத்த காலரை எடுத்தேன். பிறகு, "ஒண்ணு பண்ணுங்க," என்றார். "இடைவேளையிலயும் தைங்க. ஓவர்டைம் போட்டுத் தர்றேன்."

அந்தப் பணம் காப்பகத்தின் அந்த ஒரு மணி நேரத்துக்குச் சரியாக இருந்தது. தலையாட்டினேன்.

"இனிமே மத்தியானம் நீ அங்கேயே சாப்பிடலாம்," என்று மகளிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"எனக்கும் மறுபடி பாய் தருவாங்களா?"

"தருவாங்க."

குதித்தாள். மறுநாள் காலை திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின், அந்தப் பெரிய கூடத்தில் என் இயந்திரம் மட்டும் ஓடியது.

நிர்வாகியம்மா ஓய்வு பெற்றுவிட்டார். காப்பகம் நடக்கிறது. சூப்பர்வைசர் வேறு ஆலைக்குப் போனார். கணவர் திரும்பவில்லை. மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள்; மதியம் தோழிகளோடு சாப்பிடுவதாகச் சொல்கிறாள். நான் அதே ஆலையில்தான் இருக்கிறேன். இப்போது யாருக்கும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. இடைவேளையிலும் தைக்கிறேன்.